ஒரு கிட்னி பயாப்ஸித் துண்டை எந்தக் கருவிக்குக் கொடுப்பது?

கிட்னி பயாப்ஸியில் வரும் துண்டைப் பார்த்திருக்கிறீர்களா? அகலம் ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் குறைவு. நீளம் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர். வெந்த சேமியா மாதிரி இருக்கும். அதை எடுப்பதற்காக ஒருவர் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகில் ஊசி இறங்குவதைத் தாங்கியிருக்கிறார், அப்புறம் பல மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடந்து சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நோயைக் கண்டுபிடிக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகு அந்தச் சேமியாவில் மிச்சம் இருப்பதுதான் ஆராய்ச்சிக்கு வருகிறது.

திசுவை அரைக்காமல், அதன் வரைபடம் கலையாமல், எந்த மூலக்கூறு எந்த இடத்தில் இருக்கிறது என்று படமாகக் காட்டும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: விசியம் போகலாமா, ஸீனியம் போகலாமா, கோடெக்ஸா, மால்டியா, எது நல்லது? பத்து வருடத்துக்கு மேலாகக் கிட்னி ஸ்லைடுகளோடு இருக்கிறவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். நீங்கள் தேடும் விஷயம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு? உங்கள் துண்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, மெழுகிலா, பனியிலா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் கருவிகள் தாமாகவே விலகிவிடும். இது தெரியாமல் பட்ஜெட்டையும் கருவியின் பெயரையும் மட்டும் வைத்து முடிவெடுத்த திட்டங்கள் திரும்ப எடுக்க முடியாத திசுவைத் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் மைக்ரான் கணக்கு

கிட்னியை ஒரு அளவுகோலாக நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை வடிகட்டும் முடிச்சு, அதாவது குளோமெருலஸ், குறுக்களவில் ஏறக்குறைய 200 மைக்ரான். அதை ஒட்டி வளைந்து ஓடும் சிறுகுழாய், அதாவது டியூபியூல், 50, 60 மைக்ரான். அந்த டியூபியூலின் சுவரில் இருக்கும் ஒரு செல் 10 மைக்ரான் சுமார். குளோமெருலஸுக்குள் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் நடுவில் நிற்கும் அடிச்சவ்வு ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சவ்வை வெளியில் இருந்து போர்த்தியிருக்கும் போடோசைட் செல்லின் விரல் போன்ற கால்கள் அதைவிடவும் மெல்லியவை.

இந்தக் கடைசி இரண்டும் இங்கே நான் பேசப்போகும் எந்தக் கருவியிலும் தெரியாது. சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய்களில் போடோசைட்டின் கால்கள் தட்டையாகிவிடுவதைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் இன்றும் வழி, இல்லையென்றால் திசுவை ஒரு ஜெல்லில் வைத்து நாலைந்து மடங்கு ஊதவைத்துப் பார்க்கும் எக்ஸ்பான்ஷன் முறை. 2017இல் அதைக் கொண்டு சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே மினிமல் சேஞ்ச் என்ற, புரதம் ஒழுகும் ஒரு நோயில் போடோசைட்டின் கால்களைக் காட்டினார்கள். உங்கள் கேள்வி இந்த அளவில் இருந்தால் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று காட்டும் மரபணு வரைபடம் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது துண்டின் நிலை. ஒரு பயாப்ஸி வந்தவுடன் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். பெரும் பகுதி ஃபார்மலினில் ஊறி பாரஃபின் மெழுகு பிளாக் ஆகிறது. ஒரு பகுதி குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸுக்காக ஓசிடி என்ற ஜெல்லில் உறைகிறது. ஒரு மில்லிமீட்டர் துணுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக குளூட்டரால்டிஹைடில் போகிறது. பழைய மாதிரிகளை வைத்து வேலை செய்கிறவருக்குக் கையில் இருப்பது கிட்டத்தட்ட எப்போதும் மெழுகு பிளாக்தான். அதில், எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும், கொழுப்பு மூலக்கூறுகளில் பெரும்பாலானவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்து போயிருக்கும், புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஆனாலும் இருக்கும். பத்து வருடப் பழைய பிளாக்கில் இருந்தும் புரதத்தை நம்பி எடுக்கலாம். ஆர்என்ஏவை அப்படி நம்ப முடியாது. ஒரு செக்‌ஷனை, அதாவது பிளாக்கில் இருந்து சீவிய மெல்லிய சீவலை, தியாகம் செய்து டிவி200 அளவைப் பார்த்துக்கொள்வது, அதாவது 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது, கட்டாயம். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் நான் அந்த பிளாக்கை ஆர்என்ஏ பட்டியலில் இருந்து எடுத்துவிடுவேன், அது எவ்வளவு அரிய நோயாக இருந்தாலும் சரி.

வெட்டி எடுத்துப் பார்ப்பது

கிட்னிக்கு இதுவரை நேரடியாக அதிகப் பலன் தந்த வழி எது என்று கேட்டால், பளபளப்பான புதுக் கருவிகளை விட்டுவிட்டு லேசர் மைக்ரோடிசெக்‌ஷனையும் மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியையும்தான் சொல்வேன். லேசர் வெட்டு 1996இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஹெச்சில் உருவான முறை. ஸ்லைடில் நீங்கள் வேண்டும் குளோமெருலஸைக் கோடு போட்டுக் காட்டுகிறீர்கள், லேசர் அதை மட்டும் வெட்டி ஒரு சிறு மூடியில் சேர்க்கிறது, அதைக் கரைத்து, டிரிப்சின் என்ற என்சைமால் நறுக்கி, கருவிக்குள் அனுப்பினால் உள்ளே என்னென்ன புரதங்கள் என்று பெயர் பெயராக வருகிறது. இதில் முழுப் படம் கிடைக்காது, உண்மைதான். ஆனால் நீங்கள் தேடுவது என்னவென்றே தெரியாத நிலையில், ஆன்டிபாடி எதுவும் வாங்காமல், முன்கூட்டியே பட்டியல் போடாமல், மெழுகு பிளாக்கில் இருந்து பதில் தரும் வழி இது.

புரதங்கள் தவறாக மடிந்து திசுவில் படியும் அமிலாய்டு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கோ ரெட் சாயம் போட்டால் அமிலாய்டு இருக்கிறது என்று தெரியும், ஆனால் அமிலாய்டாகப் படியும் புரதங்கள் 40க்கும் மேல் இருக்கின்றன, எது என்று தெரியாமல் சிகிச்சை தொடங்கினால் தேவையில்லாத கீமோ கொடுத்துவிடும் அபாயம் உண்டு. மினசோட்டாவின் மேயோ கிளினிக் 2009இல் வெளியிட்ட வேலைக்குப் பிறகு இந்த வகை பிரிக்கும் வேலை லேசரும் மாஸ் ஸ்பெக்கும் சேர்ந்து செய்யும் அன்றாடப் பரிசோதனை ஆகிவிட்டது. ஃபைப்ரில்லரி குளோமெருலோனெஃப்ரைட்டிஸ் என்ற, அமிலாய்டைப் போலவே தோற்றம் தந்து குழப்பும் நோய்க்கு டிஎன்ஏஜேபி9 என்ற அடையாளப் புரதம் கிடைத்ததும் இதே வழியில்தான். இன்று அதற்கு ஒரு ஆன்டிபாடி ஸ்டெய்ன் போதும்.

மெம்பரனஸ் நெஃப்ரோபதி, அதாவது அடிச்சவ்வில் ஆன்டிபாடி படிந்து புரதம் ஒழுகும் நோய், அதன் கதை இன்னும் நெருக்கமானது. 2009இல் பாஸ்டன் குழு அந்த ஆன்டிபாடி தாக்கும் பிஎல்ஏ2ஆர் என்ற இலக்கைக் கண்டுபிடித்தது, வேறு நோயின் விளைவாக இல்லாமல் தானாக வரும் மெம்பரனஸில் ஏறத்தாழ 70 சதவீதம் அதனால்தான். மீதிப் பேருக்கு என்ன? 2019க்குப் பிறகு இரண்டு மூன்று வருடங்களுக்குள் மேயோ குழுவும் மற்றவர்களும் பிஎல்ஏ2ஆர் இல்லாத நோயாளிகளின் குளோமெருலஸ்களை வெட்டி மாஸ் ஸ்பெக்கில் போட்டு எக்ஸ்ட்1, எக்ஸ்ட்2, நெல்1, செமாஃபோரின் 3பி என்று வரிசையாக எடுத்தார்கள். அதில் நெல்1 நம் ஊருக்கு நேரடியாக வந்த விஷயம். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு நெல்1 வகை மெம்பரனஸ் வருகிறது என்று சென்னையில் கிட்னி பயாப்ஸிகளைப் பார்க்கும் நோய்க்கூற்றியல் குழு 2022இல் எழுதியது, பின்பு கேரளத்தில் இருந்து முகம் வெளுப்பதற்கான க்ரீம்களுக்கும் அதே தொடர்பு பதிவானது. அந்த மருந்தையோ க்ரீமையோ நிறுத்தியதும் பலருக்குப் புரத ஒழுக்கு குறைந்தது. ஸ்டீராய்டும் மற்ற மருந்தும் ஏற்றுவதற்கு முன்னால் "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்க வைத்த கண்டுபிடிப்பு இது. வேறெங்கோ ஒரு லேசர் வெட்டிய குளோமெருலஸ், இங்கே ஒரு நெஃப்ராலஜிஸ்ட் ஓபியில் கேட்கும் கேள்வியை மாற்றியிருக்கிறது.

ஆகவே குளோமெருலஸில் ஏதோ படிந்திருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் தேர்வு முடிந்துவிட்டது, மேலே படிக்காமலும் போகலாம். குறை என்னவென்றால் உள்ளே இருக்கும் போடோசைட், நடுவில் தாங்கி நிற்கும் மெசாஞ்சியல் செல், ரத்தக்குழாய் செல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். யாரிடமிருந்து வந்த புரதம் என்று சொல்லாது.

ஆர்என்ஏவை இருந்த இடத்திலேயே பார்ப்பது

இங்கேதான் பணம் அதிகம் கரைகிறது, குழப்பமும் அதிகம். ஒரு ஸ்லைடுக்கு ரசாயனம், ஆர்என்ஏவின் எழுத்துகளைப் படிக்கும் சீக்குவன்சிங் எல்லாம் சேர்ந்து லட்சங்களில் போகும் வேலை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

விசியம் ஸ்டாக்ஹோமில் பிறந்த முறை. 2016இல் சயன்ஸ் இதழில் வந்தது, 2019இல் டென் எக்ஸ் ஜீனோமிக்ஸ் அதை விசியம் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. கண்ணாடியில் 55 மைக்ரான் வட்டங்கள், மையத்துக்கு மையம் 100 மைக்ரான், ஆறரை மில்லிமீட்டர் சதுரத்துக்குள் ஏறக்குறைய 5,000 வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் தன் மேல் இருக்கும் திசுவின் ஆர்என்ஏவைப் பிடித்து, தன் முகவரியை ஒட்டி அனுப்புகிறது. பெரிய பலம், ஏறக்குறைய எல்லா மரபணுக்களையும் பார்க்கிறது, எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. மெழுகு பிளாக்குக்கான விசியத்தில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அது 18,000 மரபணுக்களுக்கான தயார் புரோப்களை, அதாவது அந்தந்த ஆர்என்ஏவில் ஒட்டும் சிறு துண்டுகளை, வைத்துத்தான் பார்க்கிறது, பட்டியலில் புரோப் இல்லாத எதுவும் தெரியாது, வைரஸ் ஆர்என்ஏ உட்பட.

இப்போது நம் சேமியாவை அதில் வைத்துப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் அகலத் துண்டு ஆறரை மில்லிமீட்டர் சதுரத்தில் நீளமாகப் படுத்தால் அந்தச் சதுரத்தின் ஆறில் ஒரு பங்குகூட நிரம்பாது. மீதி வெறும் கண்ணாடிக்குத்தான் காசு. 11 மில்லிமீட்டர் சதுரமும் உண்டு, அதில் துண்டின் பெரும் பகுதி படுக்கும், வீணாகும் பரப்பு இன்னும் அதிகம். பல பேரின் துண்டுகளை ஒரே சதுரத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதுதான் புத்திசாலித்தனம், ஆனால் அதற்குப் பிளாக்கை உருக்கி மறுபடி பதிக்க வேண்டும், அந்தக் கை வேலை எல்லா லேபிலும் நன்றாக வராது. ஒரு துண்டுக்கு எழுநூறு, எண்ணூறு வட்டங்கள் தேறும். ஒரு குளோமெருலஸ் நடுவாக வெட்டுப்பட்டிருந்தால் மூன்று நான்கு வட்டங்கள் அதற்குள் விழும். துண்டில் பத்துப் பன்னிரண்டு குளோமெருலஸ் என்று வைத்தால், சிலது ஓரமாக வெட்டுப்பட்டிருக்கும் என்பதால், குளோமெருலஸைப் பற்றிய உங்கள் முழுத் தகவலும் முப்பது வட்டங்கள் சுமார்தான். ஒவ்வொரு வட்டத்திலும் பல செல்கள் கலந்திருக்கும். டியூபியூலிலும் அதே கதை: வட்டமும் டியூபியூலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆனால் வட்டம் டியூபியூலின் மேல் சரியாக உட்காருவதில்லை, பாதி அதிலும் பாதி அடுத்ததிலும் நடுவில் இருக்கும் இடைத்திசுவான இன்டர்ஸ்டிஷியத்திலும் விழும்.

இதைக் கேட்டுவிட்டு விசியம் வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். இன்டர்ஸ்டிஷியத்தில் எந்த இடத்தில் தழும்பு விழுகிறது, அங்கே எந்த டியூபியூல் செல் காயப்பட்ட நிலையில் நிற்கிறது, அதைச் சுற்றி எந்த இம்யூன் செல் கூடுகிறது என்ற அக்கம்பக்கக் கேள்விக்கு அது நன்றாகப் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் கேபிஎம்பி திட்டம் இதற்கு நல்ல சாட்சி. 2017இல் தொடங்கிய கிட்னி ப்ரிசிஷன் மெடிசின் திட்டம் அது. திடீர் கிட்னி பாதிப்பும் நாள்பட்ட கிட்னி நோயும் உள்ளவர்கள் ஆராய்ச்சிக்காகவே முன்வந்து பயாப்ஸி கொடுத்திருக்கிறார்கள். 2023இல் நேச்சர் இதழில் அவர்கள் வெளியிட்ட அட்லஸில் ஒற்றை நியூக்ளியஸ் ஆர்என்ஏ (செல்லின் கருவை ஒவ்வொன்றாகப் பிரித்து அதன் ஆர்என்ஏவைப் படிப்பது), விசியம், முப்பரிமாண இமேஜிங் எல்லாவற்றையும் சேர்த்து, காயத்தில் இருந்து மீளாமல் பாதியில் நின்றுவிட்ட டியூபியூல் செல்கள் எங்கே கூட்டமாக இருக்கின்றன, அவற்றோடு தழும்பு நாரைச் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்டும் இம்யூன் செல்லும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று காட்டினார்கள். விசியம் மட்டும் இருந்திருந்தால் இது வந்திருக்காது. வட்டத்துக்குள் கலந்திருக்கும் செல்களைப் பிரித்துச் சொல்ல எந்தச் செல்லில் எந்த மரபணு என்று சொல்லும் ஒற்றை நியூக்ளியஸ் அகராதி வேண்டும், அது இருந்தால்தான் விசியம் பேசும். உங்களிடம் அந்த அகராதி இல்லையென்றால் அவர்களுடையதையே எடுத்துக்கொள்ளலாம், இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள்.

2024இல் வந்த விசியம் ஹெச்டி வட்டங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை எடுத்துவிட்டு, 2 மைக்ரான் சதுரங்களை நெருக்கி அடுக்கியது. நடைமுறையில் 8 மைக்ரானாகச் சேர்த்துத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். கிட்னிக்கு இது நல்ல முன்னேற்றம், டியூபியூல் சுவர் தனியாகத் தெரிகிறது. சீக்குவன்சிங் செலவு ஏறும், கணக்கிடும் கணினியும் பெரிதாக வேண்டும். புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்குப் பழைய விசியத்தைவிட இதையே சொல்வேன்.

ஸீனியம், காஸ்எம்எக்ஸ், மெர்ஸ்கோப் மூன்றும் வேறு பாதை. இவை ஆர்என்ஏவைப் பிடுங்கி எடுக்காமல், திசுவில் இருக்கும் இடத்திலேயே புரோப் ஒட்டி, ஒளிரவைத்து, சுற்றுச் சுற்றாகப் படம் எடுத்து ஒவ்வொரு ஆர்என்ஏவையும் ஒரு புள்ளியாகக் குறிக்கின்றன. செல்லுக்குள்ளேயே எங்கே என்று தெரியும். விலை என்னவென்றால் பட்டியல். பெரும்பாலும் சில நூறில் இருந்து சில ஆயிரம் மரபணு வரை, நீங்கள் தேர்ந்தெடுத்ததைத்தான் பார்க்கும். ஸீனியத்தின் ஸ்லைடில் படம் எடுக்கும் பரப்பு ஒன்றுக்கு இரண்டேகால் சென்டிமீட்டர் சுமார், பல பயாப்ஸித் துண்டுகள் வசதியாகப் படுக்கும், ஓட்டம் முடிந்த பிறகு அதே செக்‌ஷனில் ஹெச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயம் போட்டு பேதாலஜிஸ்ட் பார்க்கலாம். சிறிய துண்டுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி, பக்கத்துச் செக்‌ஷனோடு பொருத்திப் பார்க்கும் தலைவலி இல்லை.

ஆனால் கிட்னியில் ஒரு சிக்கல் இருக்கிறது, விற்பனைக்கு வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எந்தப் புள்ளி எந்தச் செல்லுடையது என்று முடிவு செய்ய மென்பொருள் நியூக்ளியஸைச் சுற்றி எல்லை போடுகிறது. டியூபியூல் செல்லுக்கு அது ஓரளவு சரி, செல் செங்கல் மாதிரி இருக்கும். போடோசைட் அப்படி இல்லை, நியூக்ளியஸ் ஓரிடத்தில் இருக்க, கைகள் ரத்தக்குழாய்களைச் சுற்றி எங்கெங்கோ பரவியிருக்கும். அதனால் போடோசைட்டின் ஆர்என்ஏ புள்ளிகள் பக்கத்தில் ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியல் செல்லின் கணக்கில் விழுந்துவிடும். எண்டோதீலியல் செல்லில் போடோசைட்டுக்கு உரிய நெஃப்ரின் இருக்கிறது என்று ஒரு முடிவு வந்தால் புதுக் கண்டுபிடிப்பு என்று மகிழாமல் முதலில் எல்லைக் கோட்டைப் பாருங்கள்.

ஜியோஎம்எக்ஸைப் பலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதில் நீங்களே ஒரு பகுதியைக் கோடிட்டுக் காட்டுகிறீர்கள், புற ஊதா ஒளி அந்தப் பகுதியின் அடையாள நூல்களை மட்டும் வெட்டி விடுகிறது, அவை எண்ணப்படுகின்றன. மற்ற உறுப்புகளில் எதைக் கோடிடுவது என்பதே சண்டை. கிட்னியில் இயற்கையே கோடிட்டு வைத்திருக்கிறது: ஒரு குளோமெருலஸ், ஒரு பகுதி. ஒரே நோயாளியில் கெட்டுப்போன குளோமெருலஸையும் அதற்குப் பக்கத்திலேயே நன்றாக இருக்கும் குளோமெருலஸையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட, மெழுகு பிளாக்கில், நேர்மையான எளிய வழி இது. செல் அளவுக்குப் போகாது, போகவேண்டிய கேள்வியும் எல்லோரிடமும் இல்லை. ஒரே தயக்கம் நிறுவனத்தைப் பற்றியது. ஜியோஎம்எக்ஸையும் காஸ்எம்எக்ஸையும் செய்த நானோஸ்ட்ரிங் 2024இல் திவால் பாதுகாப்பு கேட்டது, பிறகு ப்ரூக்கர் அதை வாங்கியது. மூன்று வருடத் திட்டம் போடுகிறவர் கடைசி வருடமும் ரசாயனம் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் வருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, எந்த நிறுவனமாக இருந்தாலும்.

புரதமும் மற்றதும்

புரதத்துக்கு இரண்டு வழி. ஸ்டான்ஃபோர்டில் பிறந்த கோடெக்ஸ், இன்று ஃபீனோசைக்ளர் என்ற பெயரில் விற்கிறது: ஆன்டிபாடிகளுக்கு டிஎன்ஏ வால் கட்டி, மூன்று மூன்றாக ஒளிரவைத்து, கழுவி, மறுபடி ஒளிரவைத்து, 40, 50 புரதங்களை ஒரே செக்‌ஷனில் பார்க்கலாம். இன்னொன்று ஜூரிக்கில் வளர்ந்த இமேஜிங் மாஸ் சைட்டோமெட்ரி: ஆன்டிபாடிக்கு ஒளிரும் சாயத்துக்குப் பதில் அரிய உலோகத்தைக் கட்டி, லேசரால் ஒரு மைக்ரான் ஒரு மைக்ரானாகச் சுட்டு உலோகத்தை எண்ணுகிறார்கள்.

கிட்னி என்று வரும்போது என் ஓட்டு பல சமயம் இரண்டாவதுக்கு. காரணம், டியூபியூல் செல்கள் தாமாகவே ஒளிரும், அதிலும் ப்ராக்ஸிமல் டியூபியூல் பச்சையில் பளிச்சென்று ஒளிரும், வயதானவர்களின் கிட்னியில் லிப்போஃபுஸ்சின் என்ற நிறமி சேர்ந்து இன்னும் மோசம். கோடெக்ஸில் அந்த ஒளியைக் கழித்துக் கழித்துத்தான் உண்மையைப் பார்க்க வேண்டும், வலுவில்லாத சிக்னல் அதில் காணாமல் போகும். உலோகத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கிட்னியில் லாந்தனைடு இயற்கையாக இருப்பதில்லை. பதிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும்: 200 ஹெர்ட்ஸில் ஓடும் கருவியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், சுட்ட செக்‌ஷன் ஆவியாகிப் போகும், திரும்பப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பயாப்ஸித் துண்டு சின்னது என்பதால் அந்த நேரம் தாங்கக்கூடியது. அறுவையில் எடுத்த கிட்னியின் பெரிய துண்டு (நெஃப்ரெக்டமி) என்றால் கோடெக்ஸ்தான்.

இரண்டிலும் ஆன்டிபாடி ஒவ்வொன்றையும் நல்ல கிட்னித் திசுவில் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நோயாளியின் திசுவுக்குப் போக வேண்டும், அதற்கே ஆறு மாதம் ஆகலாம். பயோட்டின் என்ற வைட்டமினை ஒட்டும் கொக்கியாக வைத்த முறை எதையும் கிட்னியில் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், டியூபியூலில் இயற்கையாகவே பயோட்டின் நிறைய இருப்பதால் எல்லாம் பாசிட்டிவாகத் தெரியும்.

மால்டி இமேஜிங் ஒரு தனி உலகம், சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னாளில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன ரிச்சர்ட் காப்ரியோலி 1997இல் தொடங்கி வைத்தது. திசுவின் மேல் ஒரு ரசாயனப் பூச்சைத் தெளித்து, லேசர் அடித்து, எழும்பும் மூலக்கூறுகளை எடை பார்ப்பது. கொழுப்பு, மெட்டபொலைட் (செல்லின் வேதிவினைகளில் வரும் சின்ன மூலக்கூறுகள்), சர்க்கரைச் சங்கிலி இவற்றை ஆன்டிபாடி இல்லாமல் பார்க்க இது நல்ல வழி. சர்க்கரை நோயால் வரும் கிட்னி பாதிப்பில் அடினைன் என்ற சின்ன மூலக்கூறு திசுவின் கெட்ட இடங்களில் கூடுகிறது என்று 2023இல் வந்த வேலை இப்படித்தான் நடந்தது. ஆனால் கொழுப்புக்கும் மெட்டபொலைட்டுக்கும் உறைந்த திசு வேண்டும், அதுவும் ஓசிடி படாமல் உறைந்தது. ஓசிடியில் இருக்கும் பாலிமர் கருவிக்குள் போய் மற்ற சிக்னலை மூழ்கடித்துவிடும். உங்கள் ஃப்ரீஸரில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த துண்டுகள் எல்லாம் ஓசிடியில் இருந்தால் அவற்றை மால்டிக்கு எடுத்துவிடாதீர்கள். புதிதாகச் சேர்க்கும் திட்டம் என்றால் இன்றே முடிவு செய்து, ஓசிடி இல்லாமல் உறையவைக்க டெக்னீஷியனிடம் உட்கார்ந்து பேசுங்கள். மெழுகு பிளாக்கில் மால்டி செய்தே ஆக வேண்டுமானால் என்சைம் போட்டு சர்க்கரைச் சங்கிலிகளைப் பார்க்கலாம், அது ஒன்று நன்றாக வரும்.

பிளாக்கைச் சீவும் வரிசை

கருவியைவிட இது முக்கியம் என்று எனக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எஃப்எஸ்ஜிஎஸ் (ஃபோக்கல் செக்மென்டல் குளோமெருலோஸ்க்ளிரோசிஸ்) நோயாளிகளின் பிளாக்குகளை வைத்து ஒரு வேலை தொடங்கினோம். பெயரிலேயே இருக்கிறது, சில குளோமெருலஸில் மட்டும், அதிலும் ஒரு ஓரத்தில் மட்டும் தழும்பு விழும் நோய். பிஏஎஸ் சாயம் போட்ட ஸ்லைடில் தழும்பை அழகாகப் பார்த்துக் குறித்தோம். ஐந்து மாதம் கழித்து மரபணு வரைபடத்துக்காக அதே பிளாக்கை மறுபடி மைக்ரோடோமில் ஏற்றினோம். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கத்திக்கு மட்டமாக வர கொஞ்சம் சீவித் தள்ள வேண்டியிருக்கும். ஒரு பிளாக்கில் அப்படிச் சீவித் தள்ளியதில் தழும்பு இருந்த குளோமெருலஸே போய்விட்டது. வந்த செக்‌ஷனில் நல்ல குளோமெருலஸ் நான்கு, மீதி குளோமெருலஸே இல்லாத உட்பகுதி, மெடுல்லா. அந்தப் பையனுக்கு அப்போது 19 வயது, அவனிடம் இன்னொரு துண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கணக்கு எளிமையானது. 200 மைக்ரான் குளோமெருலஸை 5 மைக்ரான் செக்‌ஷனாகச் சீவினால் 40 தேறும், அதன் ஓரத்தில் இருக்கும் தழும்புக்கு அதில் ஒரு பகுதிதான். ஆகவே ஒரே முறை ஏற்றி, ஒரே உட்காரலில் தேவையான எல்லாச் செக்‌ஷனையும் எடுத்து, வரிசை எண் போட்டு வையுங்கள். முதல் செக்‌ஷன் பிஏஎஸ், அடுத்தது ஆர்என்ஏவுக்கு, அடுத்தது புரதத்துக்கு, பிறகு லேசருக்குத் தடித்த 10 மைக்ரான், கடைசியில் மறுபடி பிஏஎஸ். முதல் பிஏஎஸ்ஸிலும் கடைசி பிஏஎஸ்ஸிலும் தழும்பு இருந்தால் நடுவில் உள்ள எல்லாவற்றிலும் இருக்கிறது என்று நம்பலாம். ஆர்என்ஏவுக்கான செக்‌ஷனை உடனே பயன்படுத்துங்கள், ஸ்லைடில் மாதக்கணக்கில் கிடந்தால் கெடும்.

சரி, முடிவு எப்படி எடுப்பது? என்னைக் கேட்டால் எந்தத் துண்டையும் வெட்டுவதற்கு முன் கேபிஎம்பி அட்லஸில் ஒரு மாதம் உட்காருவேன். உங்கள் மரபணு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருந்தால் ஒரு பயாப்ஸியும் லட்சங்களும் மிச்சம். அங்கே இருப்பது அமெரிக்க நோயாளிகளின் கிட்னி என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானத்திலும் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் காரணம் தெரியாத நாள்பட்ட கிட்னி நோய்க்கு அந்த அட்லஸில் பதில் தேட முடியாது. அது டியூபியூலையும் இன்டர்ஸ்டிஷியத்தையும் தாக்கும் நோய், காரணமே தெரியாத நோய், முன்கூட்டிப் பட்டியல் போட முடியாத நோய். அதற்கு என் தேர்வு விசியம் ஹெச்டி. நிதி இருந்து, புதிதாகத் துண்டு சேர்க்க அனுமதியும் இருந்தால் ஓசிடி படாமல் உறைந்த ஒரு துணுக்கில் மால்டியும்.

சர்க்கரை நோய் கிட்னி பாதிப்பில் காயப்பட்ட டியூபியூலைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பவர், மரபணுப் பட்டியல் ஓரளவு தெரிந்தவர், ஸீனியம் எடுக்கலாம். இம்யூன் செல் வகைகளைப் பிரிப்பதுதான் நோக்கம் என்றால், உடலின் எதிர்ப்புச் சக்தியே கிட்னியைத் தாக்கும் லூப்பஸ் நெஃப்ரைட்டிஸ் போல, உலோகம் கட்டும் இமேஜிங் மாஸ் சைட்டோமெட்ரி. ஒரே நோயாளியில் நல்லதும் கெட்டதுமான குளோமெருலஸை ஒப்பிட ஜியோஎம்எக்ஸ். படிந்திருப்பது என்னவென்று தெரியாவிட்டால் லேசர். நிதி குறைவான லேபும் முதலில் லேசர் பக்கமே போகலாம், ஏனென்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பல பல்கலைக்கழகங்களில் ஏற்கனவே இருக்கிறது, வெட்டும் கருவியை இன்னொரு இடத்தில் கேட்டுப் பயன்படுத்தலாம்.

எதை எடுத்தாலும் பிளாக்கில் பாதியை விட்டு வையுங்கள், குறைந்தது ஸ்டெய்ன் போடாத பத்துச் செக்‌ஷனாவது அந்த நோயாளியின் பெயரில் இருக்கட்டும். நெல்1 ஸ்டெய்ன் வந்த பிறகு 2015, 2016 வருடத்துப் பழைய மெம்பரனஸ் பிளாக்குகளை அலமாரியில் இருந்து எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டிய வேலை வந்தது. அதில் ஒரு பெண்ணின் பிளாக்கில் ஆராய்ச்சிக்காகச் சீவியது போக ஒரே ஒரு குளோமெருலஸ் மிச்சம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.